அந்தரத்தில் நிற்கப் பழகும் குட்டி ட்ரோன்: வாசகர் கேள்வி – பதில்

குட்டி ட்ரோனை ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிறுத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சுமார் 20 கிராமிலிருந்து 100 கிராம் வரை எடையுள்ள, நான்கு மோட்டார் வைத்த பொம்மை ரகத்துக்கான பதில்கள் இவை. ரிமோட் 'மோட் 2' அமைப்பில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறோம். அதில் இடது குச்சியை மேலும் கீழும் நகர்த்தினால் த்ராட்டில் (மோட்டார்களின் வேகம்), பக்கவாட்டில் தள்ளினால் ட்ரோனின் மூக்கு, அதாவது முன்பக்கம், திரும்பும். முன்னே பின்னே போகவும் பக்கவாட்டில் நகரவும் வலது குச்சி.

என் மகனுக்கு 12 வயது. பிறந்தநாளுக்கு வாங்கிய ட்ரோன் தரையை விட்டு லேசாகக் கிளம்பியதுமே தள்ளாடிச் சாய்ந்து நாற்காலிக் காலில் மோதுகிறது. பயந்துபோய் த்ராட்டிலைக் கூட்டினால் கூரையில் முட்டுகிறது. ட்ரோனில் கோளாறா, ஓட்டுவதில் கோளாறா?
*– வாசகி, ஓசூர்*

உயரம்தான் கோளாறு, அம்மா. விழுந்தாலும் அடிபடாது என்று நினைத்துப் பழகுபவர்கள் எல்லோரும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். ட்ரோனை நிறுத்துவதற்கு இருப்பதிலேயே கஷ்டமான இடம் அதுதான். நான்கு ரெக்கைகளும் கீழே தள்ளுகிற காற்று தரையில் பட்டுச் சிதறி, சுழன்று திரும்ப ட்ரோன் மீதே வருகிறது. அந்தக் கலங்கிய காற்றில் யார் ஓட்டினாலும் தள்ளாடும். இரண்டடிக்கு மேலே போனால் காற்று தெளிந்துவிடும்.

அதனால் கிளம்பும்போது தயங்கக் கூடாது. இடது குச்சியைப் பாதிக்குச் சற்று மேல் வரை ஒரே மூச்சில் தள்ளி, மகனின் இடுப்பு உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். அந்த உயரம் வருவதற்கு ஒரு கணம் முன்பே குச்சியைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். வந்த பிறகு இறக்கினால் கூரைதான். த்ராட்டில் உயரத்தை நிர்ணயிப்பதில்லை. எடைக்குச் சமமான விசையைத் தாண்டி நீங்கள் எவ்வளவு கூட்டினாலும் ட்ரோன் மேலே போய்க்கொண்டே இருக்கும், வேகமும் கூடிக்கொண்டே போகும். ஆகவே இடது குச்சி ஒரு அரிசி மணி அளவு ஏறி, ஒரு அரிசி மணி அளவு இறங்கிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலை மட்டும் மேலே வைத்து ஓட்டுவதைவிட, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குச்சியைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சிறு அசைவு எளிதாக வரும்.

முதல் பேட்டரி முழுவதும் வேறு எதையும் முயல வேண்டாம். இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது, இரண்டு நொடி வைத்திருப்பது, இறக்குவது. இறக்கும்போது மெதுவாகக் கொண்டுவந்து, தரைக்கு ஒரு சாண் இருக்கையில் த்ராட்டிலை முழுதாக மூடிவிட வேண்டும். கூரைக்கு அருகில் போனால் ட்ரோன் கூரையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், மேலே உள்ள காற்றையே அது உறிஞ்சுவதால். அப்போது நினைப்பதைவிடக் கூடுதலாகவே குறைக்க வேண்டியிருக்கும்.

எதில் மோதினாலும் இடது குச்சி அந்தக் கணமே அடிமட்டத்துக்கு வர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரெக்கை சிக்கி நின்ற மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் மோட்டாரோ, மின்சுற்றுப் பலகையில் அதை இயக்கும் டிரான்சிஸ்டரோ கருகும். மின்விசிறியை நிறுத்துங்கள். கீழே விரிக்கக் கோரைப்பாய் போதும். ஜமுக்காளத்தின் நூல் மோட்டார் தண்டில் சுற்றிக்கொள்ளும்.

வலது குச்சியை விட்டுவிட்டால் ட்ரோன் தானாக நின்றுவிடும் என்று கடையில் சொன்னார்கள். விட்ட பிறகும் சறுக்கிக்கொண்டே போய்ச் சுவரில் மோதுகிறது.
*– வாசகர், திருச்சி*

குச்சியை விட்டால் ட்ரோன் மட்டமாகும். நிற்காது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒகேனக்கல் பரிசலை நினைத்துப் பாருங்கள். துடுப்பை எடுத்த பிறகும் பரிசல் போய்க்கொண்டேதான் இருக்கும். நிறுத்த வேண்டுமானால் எதிர்ப்பக்கம் துடுப்புப் போட வேண்டும். ட்ரோனும் அப்படித்தான். வலது குச்சியைத் தள்ளும் அளவுக்கு அது சாய்கிறது. சாய்ந்திருக்கும் வரை வேகம் கூடுகிறது. 5 பாகை சாய்வு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்தச் சாய்வில் 2 நொடி இருந்தாலே ட்ரோன் ஏறக்குறைய 1.7 மீட்டர் நகர்ந்திருக்கும், நொடிக்கு 1.7 மீட்டர் வேகமும் பிடித்திருக்கும். அப்போது குச்சியை விட்டால் ட்ரோன் நிமிர்ந்துகொண்டு அதே வேகத்தில் சறுக்கும். காற்றின் தடையைத் தவிர அதற்கு வேறு பிரேக் கிடையாது. உங்கள் ஹாலின் சுவர் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

ஆகவே ஒவ்வொரு திருத்தமும் இரண்டு அசைவு. ட்ரோன் வலப்பக்கம் போகிறதா? குச்சியை இடப்பக்கம் சின்னதாக ஒரு தட்டு. வேகம் குறைவது தெரிந்ததும் நடுவுக்கு விடுங்கள். முழுதாக நிற்கும் வரை பிடித்திருந்தால் அது இடப்பக்கம் கிளம்பிவிடும். பிறகு அதை அடக்க வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று ஊஞ்சல் ஆட ஆரம்பிக்கும். ஊஞ்சல் ஆடுகிறது என்றால் திருத்தம் பெரிதாகவும் தாமதமாகவும் போகிறது என்று அர்த்தம். அப்படி ஆடும்போது அடக்கப் பார்க்காமல், குச்சியை நடுவில் விட்டு ஒரு நொடி பொறுங்கள். ஆட்டம் பாதியாகும். பிறகு ஒரே ஒரு தட்டு.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். ட்ரோன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எப்போதும் தாமதம்தான், ஏனென்றால் இடம் மாறுவதற்கு முன்பே சாய்வு வந்துவிடுகிறது. எதிரே நிற்கும் ட்ரோனின் இரண்டு பின்கைகளையும் ஒரு கோடாகப் பாருங்கள். அந்தக் கோடு ஒரு பக்கம் தாழ்ந்ததும் விரல் அசைய வேண்டும். உள்ளங்கையில் துடைப்பக்குச்சியை நிறுத்தி விளையாடும் பிள்ளைகள் அடியைப் பார்க்க மாட்டார்கள், நுனியைத்தான் பார்ப்பார்கள். அதே சூட்சுமம்.

பயிற்சிக்குச் சாக்பீசால் தரையில் ஒரு மீட்டர்ச் சதுரம் போடுங்கள். நீங்கள் இரண்டு மூன்று மீட்டர் பின்னால் நில்லுங்கள். ட்ரோனின் வால் உங்களைப் பார்த்தே இருக்கட்டும். வாலில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் தடுமாற்றம் இருக்காது. முதலில் சதுரத்துக்கு மேலே 10 நொடி, பிறகு 30 நொடி. ரிமோட்டில் வேக நிலை இருந்தால் இருப்பதிலேயே குறைந்ததில் வையுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேட்டரி போதும். விரல் களைத்த பிறகு பழகினால் தப்பான அசைவுதான் பதியும். அரை நிமிடம் தாண்டியதும் சதுரத்தை அரை மீட்டராக்குங்கள்.

என் ட்ரோன் எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிறது. ட்ரிம் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் தீரவில்லை.
*– வாசகர், மதுரை*

ட்ரிம் என்பது குச்சியின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பட்டன். அதை முதலில் தொட்டால் உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும். எல்லா ட்ரிம்மையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு இழுப்பது காற்றா, ட்ரோனா என்று பாருங்கள். வால் உங்களைப் பார்க்க ஏற்றுங்கள். ஜன்னல் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கி, ட்ரோனை அப்படியே எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்து மறுபடி ஏற்றுங்கள். இப்போதும் ஜன்னல் பக்கமே போனால் அறையின் காற்று இழுக்கிறது. ஏசி, பக்கத்து அறை மின்விசிறி, கதவிடுக்கு என்று தேடுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவருக்குப் போனால் கோளாறு ட்ரோனில்.

ட்ரோனில் என்றால் முதல் சந்தேகம் ரெக்கை. மெதுவான வேகத்தில் சுழலவிட்டு, கண்ணை ரெக்கையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டிலிருந்து பாருங்கள் (கொஞ்சம் தள்ளி இருந்தே). நுனிகள் ஒரே கோடாகத் தெரிந்தால் சரி. இரண்டு கோடாகத் தெரிந்தால் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. வளைந்த இடத்தில் பிளாஸ்டிக் வெளுத்துப்போயிருக்கும். நிமிர்த்தி ஓட்டுவது வீண், மாற்றிவிடுங்கள்.

அடுத்தது முடி. பவர் அணைத்துவிட்டு நான்கு ரெக்கைகளையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டிவிடுங்கள். மூன்று தளர்வாகச் சுற்றி, ஒன்று மட்டும் சட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டது. அந்த ரெக்கையைக் கழற்றினால் தண்டின் அடியில் கறுப்பு மோதிரம்போல இரண்டு மூன்று சுற்று தலைமுடி இறுகியிருக்கும். நம் வீட்டுத் தரையில் பழகும் ட்ரோனுக்கு இது தவறாமல் வரும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து உருவுங்கள். வராவிட்டால் பிளேடு நுனியால் அறுத்து எடுங்கள். ரெக்கையைக் கழற்றும்போது இதழைப் பிடித்து இழுக்காமல், நடுக்குமிழின் அடியில் தட்டையான ஏதாவது கொடுத்து நெம்புங்கள். திரும்ப மாட்டும்போது குமிழுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்கட்டும். முழுக்க அழுத்திவிட்டால் உரசும், உரசினால் அந்த மூலை தாழும். பறந்து இறங்கியதும் நான்கு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதுதான் சிரமப்படுகிறது.

பேட்டரி ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாலும் இழுக்கும். அதன் வயரை மடித்துச் செருகும் பக்கம்கூட இவ்வளவு சின்ன எடையில் கணக்கில் வரும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் கைரோவை (சாய்வை உணரும் சென்சார்) மட்டப்படுத்துங்கள். பல ரகங்களில் இரண்டு குச்சிகளையும் கீழ் மூலைக்கு இழுத்து 2, 3 நொடி பிடித்தால் விளக்கு சிமிட்டும். எந்த மூலை என்பது ரகத்துக்கு ரகம் மாறும், கையேட்டில் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பால்கனியும் மொட்டை மாடியும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுக் கட்டியவை. மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் என்றாலே அரைப் பாகைக்கு மேல். அங்கே வைத்து மட்டப்படுத்தினால் 'சாய்வுதான் மட்டம்' என்று ட்ரோன் கற்றுக்கொள்ளும். 1 பாகை தவறு இருந்தால் 3 நொடியில் முக்கால் மீட்டர் போய்விடும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கண்ணாடி மேசையில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். உருளாத இடத்தில் ட்ரோனை வைத்து மட்டப்படுத்துங்கள். பேட்டரி இணைத்தவுடனும் கையில் வைத்திருக்காமல் மட்டத்தில் அசையாமல் விடுங்கள்.

அதன் பிறகும் மிச்சம் இருக்கும் லேசான இழுப்புக்குத்தான் ட்ரிம். இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சொடுக்கு, பார்த்துவிட்டு இன்னொரு சொடுக்கு. ஐந்தாறுக்கு மேல் தேவைப்பட்டால் மறுபடி ரெக்கையிலிருந்து தொடங்குங்கள்.

மோட்டார் ஒன்று போனதால் புதிது வாங்கிச் சால்டர் வைத்தேன். இப்போது கிளம்பியதும் குட்டிக்கரணம் போடுகிறது.
*– வாசகர், சிவகாசி*

அந்த மூலை மேலே தூக்குவதற்குப் பதில் கீழே அழுத்துகிறது. மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு மோட்டார்கள் ஒரே பக்கம் சுழல வேண்டும், மற்ற இரண்டும் அதற்கு எதிர்ப்பக்கம். பொம்மை ரக மோட்டார்களில் சிவப்பு–நீல வயர் வலஞ்சுழி, கறுப்பு–வெள்ளை வயர் இடஞ்சுழி என்பது பரவலான வழக்கம். ரெக்கையும் இரண்டு வகை, ஏ, பி என்று குமிழில் பொறித்திருக்கும். சந்தேகமாக இருந்தால் இதழைப் பாருங்கள். அதன் உயர்ந்த விளிம்புதான் சுழலும் திசையில் முன்னே போக வேண்டும். தப்பாக இருந்தால், மூலை தாழ்வதைப் பார்த்த கைரோ அந்த மோட்டாரை இன்னும் வேகப்படுத்தும், அது இன்னும் அழுத்தும். குட்டிக்கரணம் அதனால்தான்.

உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் ட்ரோன் வாங்கினேன். கூடத்தில் ஏறி இறங்கி அலைகிறது. பக்கவாட்டிலும் நழுவுகிறது. அடியில் கேமரா இருந்தும் ஏன் இப்படி?
*– வாசகி, நாகர்கோவில்*

உயரத்தை அது காற்றழுத்தத்தை வைத்துக் கணிக்கிறது. கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் 1 மீட்டர் ஏறினால் அழுத்தம் குறைவது சுமார் 0.12 மில்லிபார்தான். ஒருவர் அறைக் கதவைச் சாத்தினாலே அந்த அளவு அழுத்தம் அசையும். விசிறிக் காற்றும் அப்படியே. தரையை ஒட்டிப் பறந்தால் ரெக்கைக் காற்றே சென்சாரைக் குழப்பும். வெயில் நேராகப் பட்டாலும் அளவு மாறும். மூடியைக் கழற்றினால் பலகையில் ஒரு சின்ன உலோகப் பெட்டியின் மேல் ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்கத்தான் அது. விழுந்திருந்தால் திரும்ப வையுங்கள். கதவு, விசிறியை அடைத்து, ஒரு மீட்டருக்கு மேல் பறக்கவிடுங்கள்.

பக்கவாட்டு நழுவலுக்குக் காரணம் உங்கள் தரை. அடிக் கேமரா அடுத்தடுத்து எடுக்கும் படங்களை ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கண்டுபிடிக்கிறது. ஒரே வெள்ளையாகப் பளபளக்கும் டைல்ஸில் ஒப்பிட ஒன்றுமே இல்லை. விளக்கின் பிரதிபலிப்பு வேறு ஏமாற்றும். செய்தித்தாள்களை நாலைந்து விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தில் டேப் ஒட்டி, எல்லா விளக்கையும் போடுங்கள். உடனே வித்தியாசம் தெரியும்.

இந்த வசதிகள் படம் எடுப்பதற்கு நல்லவை. கை பழக வேண்டும் என்பது நோக்கமானால், த்ராட்டிலை நீங்களே பிடிக்க வேண்டிய சாதாரண ரகம்தான் நல்ல வாத்தியார் என்பது எங்கள் திடமான எண்ணம். 'ஹெட்லெஸ்' (மூக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் குச்சி தள்ளிய பக்கமே ட்ரோன் போவது) என்ற வசதியையும் பழகும் காலத்தில் தொடாதீர்கள். இரண்டு மோதலுக்குப் பிறகு அதன் திசைக்கணக்கு பிசகிவிடும், உங்களுக்கோ மூக்கைப் பார்த்து ஓட்டும் பழக்கமே வராது.

எங்கள் ஊரில் வெளியே பறக்கவிட முடியுமா?
*– வாசகர், உடுமலை*

ஆனியிலிருந்து ஆவணி வரை மறந்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் 50 கிராம் ட்ரோன் என்ன செய்யும்? மற்ற மாதங்களில் விடிந்ததும் ஒரு மணி நேரம் நல்ல நேரம். வேப்பிலை சலசலக்கிறதா என்று பாருங்கள். சலசலத்தால் காற்று நொடிக்கு ஒன்றரை மீட்டரைத் தாண்டிவிட்டது, பழகுவதற்கு அது அதிகம்.

புதிதில் 7 நிமிடம் பறந்தது, இரண்டே மாதத்தில் 4 நிமிடமாகிவிட்டது. அந்த 4 நிமிடத்திலும் நின்ற இடத்தில் கீழே இறங்கிக்கொண்டே போகிறது.
*– வாசகர், சேலம்*

இறங்குவது இயல்பு. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் பேட்டரி, பறக்கப் பறக்கக் குறைகிறது. அதே உயரத்தில் வைக்க, பாதியில் இருந்த த்ராட்டில் கடைசியில் முக்கால் வரை போகும். விரல் அதற்கேற்ப மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயுள் குறைந்ததற்குக் காரணம், தானாக விழும் வரை ஓட்டுவதாக இருக்கும். விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் இறக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால், இறக்கிச் சற்று ஆறிய பிறகு 3.7 வோல்ட் பக்கம் காட்டினால் நல்லது. 3.3-க்குக் கீழே திரும்பத் திரும்பப் போனால் பேட்டரி கெடும். முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் வைப்பதும் அதே கெடுதல். ஒரு வாரம் தொடமாட்டீர்கள் என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். பறந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும். அந்த இடைவெளி மோட்டாருக்கும் வேண்டும். பேட்டரியில் அதன் கொள்ளளவு 150 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று போட்டிருந்தால் 0.15 ஆம்பியரில், 500 என்றால் 0.5 ஆம்பியரில் சார்ஜ் ஏறுவது பாதுகாப்பு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது, பழைய மண்சட்டிக்குள் வைத்து ஏற்றுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

வீடு சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கம். மொட்டை மாடியில் பழகலாமா? பொம்மைதானே?
*– வாசகர், கோவை மாவட்டம்*

கூடாது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்குள் இருப்பது நானோ வகை, அதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டலத்தில் (ட்ரோனுக்கு அரசு தடை வைத்திருக்கும் பகுதி) அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்பது எடை பார்த்து வருவதல்ல. மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கூடத்துக்குள்ளேயே பழகுங்கள்.

வால் என்னைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடம்கூட நிறுத்திவிடுகிறேன். மூக்கு என் பக்கம் திரும்பியதும் எல்லாம் தலைகீழாகி விழுந்துவிடுகிறது.
*– கல்லூரி மாணவி, சென்னை*

ஒரு நிமிடம் வந்துவிட்டது என்றால் சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள். நேராக மூக்குக்குப் போகாதீர்கள். முதலில் வாலை 45 பாகை மட்டும் திருப்பி நிறுத்துங்கள், இரு பக்கமும். பிறகு பக்கவாட்டு. மூக்கு வலப்பக்கம் பார்க்க நிற்கும்போது குச்சியை முன்னே தள்ளினால் ட்ரோன் உங்கள் வலப்பக்கம் போகும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் உங்களை நோக்கி வரும். இடப்பக்கம் பார்த்தால் இரண்டும் மாறும். ஒரு பக்கம் நன்றாக வந்து மறுபக்கம் வராமல் இருப்பது சகஜம். வராத பக்கத்துக்கே கூடுதல் பேட்டரி செலவழியுங்கள்.

மூக்கு உங்களைப் பார்க்கும்போது ஒரு எளிய வழி உண்டு. ட்ரோன் எந்தப் பக்கம் போகிறதோ, அதே பக்கம் வலது குச்சியைத் தள்ளுங்கள். உங்கள் வலப்பக்கம் சரிந்தால் குச்சி வலப்பக்கம், உங்களை நோக்கி வந்தால் குச்சி உங்களை நோக்கி. சரிகிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல, சரியும் பக்கத்தில் குச்சியை ஊன்றுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டால் யோசிக்காமல் வரும். முதலில் 3 நொடி மட்டும் மூக்கை வைத்துவிட்டு, இடது குச்சியால் வாலைத் திருப்பிக்கொள்ளுங்கள். குழம்பினால் த்ராட்டிலைக் கூட்டாதீர்கள். வலது குச்சியை நடுவில் விட்டு, மூக்கைத் திருப்புங்கள். இடம் போதாவிட்டால் இறக்கிவிடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் பழகுங்கள். முகத்துக்கு நேரே வரும் ரெக்கை கண்ணுக்கு ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டுவது நல்லது.